பல்பைப் பிடித்துப் பாருங்கள், காபரேட்டரை அப்புறம் திறக்கலாம்

உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை என்று எங்கள் திருநெல்வேலிக் கடற்கரையில் எந்த ஊரில் வள்ளத்து இன்ஜின் மக்கர் பண்ணினாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். மேல்மூடியைக் கழற்றுவார்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேட்டரை இறக்குவார்கள், சாக்கை விரித்து ஜெட்டு, புளோட், நீடில் எல்லாவற்றையும் மணல்காற்றில் பரப்பிவிடுவார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன வாஷர் காணாமல் போயிருக்கும். இருந்த கோளாறு அப்படியே இருக்க, புதுசாக ஒன்றும் சேர்ந்திருக்கும்.

வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் வேலைதான் என் பிழைப்பு. எண்ணெய் (பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, எங்களுக்கு எல்லாம் எண்ணெய்தான்) சரியாக வராமல் என்னிடம் வருகிற இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு மேல்மூடிக்குள் ஒன்றும் இருக்காது. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில்தான் வினை. அதைக் கண்டுபிடிக்க ஸ்பேனர் வேண்டாம். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு எண்ணெய் கொண்டுபோகிற குழாய்தான் ஓசு. அந்த ஓசில் இருக்கிற, அமுக்கி எண்ணெய் தள்ளுகிற ரப்பர் பல்பை ஒரு கையால் பிடித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். டேங்கில் தொடங்கி இன்ஜினை நோக்கி வாருங்கள், காபரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். வேலை கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

வேலைக்குப் போகும் முன் மூன்று விஷயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பறந்து போகாமல் வள்ளத்தின் அடியில் தேங்கி நிற்கும். பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். சிந்தினால் துடைத்து, காற்றாட விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாவது, ஓசை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் இழுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது மறுபடி நுரையீரலுக்குள் போகும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது, கரையில் இன்ஜினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள். கீழே தண்ணீர் பம்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் வறண்டு ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். பாதியாக அறுத்த டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் எடுக்கிற வாய் மூழ்கும்படி இறக்கி ஓட்டுங்கள்.

எண்ணெய்க் கோளாறா, கரண்டு கோளாறா

இதை முதலில் பிரித்துக்கொள்ளாவிட்டால் பொழுது வீணாகும். கயிற்றை ஏழெட்டுத் தடவை இழுத்தும் ஸ்டார்ட்டாகவில்லை என்றால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் எண்ணெய் உள்ளே வரவில்லை, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நனைந்து சொட்டினால் எண்ணெய் வருகிறது. அப்போது ஒன்று கரண்டு இல்லை, அல்லது காற்றைக் குறைக்கிற சோக்கைப் பிடித்துக்கொண்டே கயிற்றை இழுத்து இழுத்து எண்ணெய் அதிகமாக நிரம்பிவிட்டது. நிரம்பியிருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, வேகம் கூட்டுகிற ரேஸை முழுக்கத் திறந்து, சில தடவை கயிற்றை இழுத்தால் அதிகப்படி எண்ணெய் வெளியேறிவிடும். ப்ளக்கைத் துடைத்து மாட்டிப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ப்ளக் முனை வெளேரென்று இருந்தால் அசட்டை செய்யாதீர்கள். எண்ணெய் பற்றாமல், காற்று அதிகமாகி எரிகிறது என்று அர்த்தம். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் மசகெண்ணெயும் அந்தப் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு மசகும் குறையும். ஓடும்வரை ஓடட்டும் என்று விட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவை யோசித்தால் ஒரு ஓசு வாங்குகிற காசு ஒன்றுமே இல்லை.

டேங்கு மூடியும் அலையும்

எங்கள் கரையில் வள்ளம் அலையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும், அலையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்ட ஊர்களில் கொஞ்சம் தேவலை. அலை எகிறி அடிக்கும்போது உப்புத் தண்ணீர் டேங்குக்குள் போகக்கூடாது என்று மூடியில் இருக்கிற காற்றுத் திருகை இறுக்கி அடைத்துவிடுவார்கள். அது சரியான காரியம். அலை தாண்டியதும் அதைத் திறக்க மறந்துவிடுவதுதான் சங்கடம்.

திருகு அடைந்திருந்தால் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று போகாது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, மெல்ல இழுவை குறைந்து, நின்றுவிடும். பல்பைப் பார்த்தால் சப்பிப் போயிருக்கும். போனில் எனக்கு அடிக்கடி வருகிற பேச்சு இது:

"அண்ணே, நல்லாத்தான் ஓடிச்சு. அலை தாண்டி வந்ததும் பொசுக்குன்னு நின்னுட்டு."

"பல்பு எப்படி இருக்குலே?"

"சப்பிக் கெடக்கு அண்ணே."

"மூடியில காத்துத் திருகைத் தெறந்தியா?"

அப்புறம் பதில் வராது, இன்ஜின் சத்தம்தான் வரும்.

வேறு விதமாகவும் ஆகும். வெயிலில் கிடந்த டேங்கை மூடியோடு அப்படியே இன்ஜினில் மாட்டினால், உள்ளே சூடேறிய ஆவி எண்ணெயை நெட்டித் தள்ளி காபரேட்டரை நிரப்பிவிடும். ஓசை மாட்டும் முன் மூடியை ஒரு தடவை திறந்து 'புஸ்' என்று காற்றை விட்டுவிடுங்கள். கம்பெனி டேங்கு இல்லாமல் பிளாஸ்டிக் கேனின் மூடியில் ஓட்டை போட்டு ஓசை விடுகிறவர்கள் நம்மில் நிறைய. அந்த ஓட்டை வழியே ஒவ்வொரு அலைக்கும் கடல் தண்ணீர் உள்ளே போகும். காற்றுத் திருகு வைத்த டேங்கு விலைதான், ஆனாலும் கையில் காசு வரும்போது முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன்.

பல்பு சொல்வதைக் கேளுங்கள்

பல்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். புது ஓசு மாட்டும்போது திருப்பி மாட்டிவிட்டு நாள் பூராவும் கயிறு இழுக்கிறவர்கள் உண்டு. பல்பின் இரண்டு முனையிலும் ஒருவழி வால்வு இருக்கிறது. அம்புமுனை மேலே பார்க்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள், வால்வு ஒழுங்காக உட்காரும். கிடைமட்டமாகப் பிடித்து அமுக்கிவிட்டு "கெட்டியாகவே மாட்டேங்குது" என்று பலர் பல்பை மாற்றிவிடுகிறார்கள்.

சில அமுக்கில் பல்பு கெட்டியாகிவிட்டால் காபரேட்டர் வரைக்கும் எண்ணெய் போய் நிரம்பிவிட்டது என்று பொருள். இனி நான் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால் மூன்றில் ஒன்று. டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. அல்லது காபரேட்டரில் எண்ணெய் வழியை அடைக்கிற நீடில் மூடாமல் எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது என்றால் மேல்மூடியைத் திறந்ததுமே பெட்ரோல் நாற்றம் முகத்தில் அடிக்கும், காபரேட்டர் வாயில் ஈரம் தெரியும்.

ஓடும்போது பல்பு சப்பிக்கொண்டால் அடைப்பு பல்புக்கு முன்னால், டேங்குப் பக்கம். காற்றுத் திருகைப் பாருங்கள். அதைத் திறந்தும் சப்பியே இருந்தால் டேங்குக்குள் எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் அடியில் இருக்கிற சல்லடையைப் பாருங்கள். மணலும் பாசி மாதிரி வழவழப்பும் அதில் ஒட்டியிருக்கும்.

பல்பு புடைத்தே இருக்கிறது, இன்ஜின் மட்டும் எண்ணெய் கிடைக்காமல் தவிக்கிறது என்றால் அடைப்பு பல்புக்குப் பின்னால், இன்ஜின் பக்கம்.

நிற்கப்போகிற நேரத்தில் பல்பை அமுக்கினால் இன்ஜின் உயிர் பெற்று ஓடுகிறதா? அப்படியானால் இன்ஜினில் இருக்கிற எண்ணெய் பம்ப் சோர்ந்துவிட்டது, அல்லது ஓசு காற்று இழுக்கிறது. இரண்டில் எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பல்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ளே தெரிகிற ஓசு ஒரு சாண் நீளம் மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி குமிழியாக ஓடினால் காற்று இழுக்கிறது. குமிழி இல்லாமல் எண்ணெய் மட்டும் வந்தால் பம்ப்தான். அந்த ஓசு சோதனைக்கு மட்டும், முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரம் இல்லையா, பக்கத்து வள்ளத்தில் நன்றாக ஓடுகிற டேங்கையும் ஓசையும் கேட்டு வாங்கி உங்கள் இன்ஜினில் மாட்டுங்கள். ஓடிவிட்டால் உங்கள் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. ஒரே நிமிஷத்தில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஓசு

கூடுதாழையிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. ஸ்லோவில் ஓடும், ரேஸ் கொடுத்ததும் மூச்சு வாங்கி நிற்கும். இரண்டு இடத்தில் காபரேட்டரைக் கழுவியிருந்தார்கள், ப்ளக் மாற்றியிருந்தார்கள். ஓடும்போது பல்பைப் பிடித்தேன், புடைத்தே இருந்தது. அப்படியானால் பல்புக்கு அந்தப் பக்கம். வேறு ஓசு மாட்டியதும் இன்ஜின் துள்ளி ஓடியது. பழைய ஓசை நீளவாக்கில் கத்தியால் பிளந்து வள்ளக்காரரிடம் காட்டினேன். வெளியே பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. உள்ளே மெல்லிய உள்ளுறை சுவரை விட்டு உரிந்து நாக்கு போலத் தொங்கியது. மெல்ல எண்ணெய் போகும்போது அது ஒதுங்கி வழிவிடும். வேகமாக இழுக்கும்போது நிமிர்ந்து வழியை அடைத்துவிடும். விரலால் அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்துணூண்டு தோலுக்கா இத்தனை நாள் தொழில் போச்சு" என்றார்.

இந்த உரிதல் இப்போது அதிகமாகக் கண்ணில் படுகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது நாட்டில் படிப்படியாகக் கூடி, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோலைச் சில பெட்ரோல் பங்க்குகளில் விற்கத் தொடங்கினார்கள், பிறகு அது எங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. ஊறி உப்பும், பிறகு வெடிக்கும், உரியும். எத்தனால் தாங்கும் என்று போட்டிருக்கிற ஓசைக் கேட்டு வாங்குங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மாட்டுகிறார்கள். பெட்ரோலில் அது சில மாதத்தில் குச்சி மாதிரி விறைத்து, மூட்டில் காற்று இழுக்கத் தொடங்கிவிடும். அதே மாதிரி ஓசைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டாதீர்கள். கம்பி ரப்பரை அறுக்கும், துருப்பிடித்து அறுந்தும் போகும். துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் போடுங்கள்.

காற்று இழுக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் உதவும். பல்பை அமுக்கி இறுக்கிவிட்டு, பல்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மூட்டுகளில் தடவுங்கள். கசிவு இருந்தால் நுரை பொங்கும், அல்லது எண்ணெய் துளிர்க்கும். டேங்குப் பக்கம் இந்த வித்தை பலிக்காது. அங்கே உறிஞ்சல்தான், தள்ளல் இல்லை. காற்று உள்ளே போகுமே தவிர ஒரு சொட்டும் வெளியே வராது. அதனால்தான் அந்தப் பக்கத்து ஓட்டை கண்ணுக்குத் தப்புகிறது. அங்கே சந்தேகம் வந்தால் ஓசின் முனையை ஒரு அங்குலம் அறுத்துவிட்டுப் புதுசாகச் செருகி கிளிப் போடுவதே வழி.

இன்ஜினில் செருகுகிற கனெக்டரை மறக்கக்கூடாது. அதற்குள் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமும் ஒரு சின்ன ஸ்பிரிங் குண்டும் இருக்கும். ஓசைக் கழற்றி மணலில் போட்டால் மணல் அதற்குள் போகும், குண்டு சிக்கும், ஓ-ரிங் கீறும். கழற்றிய ஓசின் வாயை ஒரு துணியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

தண்ணீர்

நம்மூர் இன்ஜினுக்கு முதல் எதிரி எண்ணெயில் கலந்த தண்ணீர். அலையில் புகுந்தது, பாதி டேங்கில் இரவுக் குளிரில் வியர்த்தது, கேனைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டு உதறாமல் எண்ணெய் பிடித்தது என்று எப்படியும் வரும்.

பெரும்பாலான காபரேட்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கிறது. அதன் கீழே ஒரு கண்ணாடி ஜாரைப் பிடித்துத் திருகைத் தளர்த்துங்கள், இன்னொருவர் பல்பை அமுக்கட்டும். எண்ணெய் தடையில்லாமல் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் உள்ளே நீடில் ஒட்டிக்கொண்டது அல்லது வரும் வழியில் அடைப்பு. இப்போது ஜாரை வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். உடனே முடிவு சொல்லாதீர்கள், கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். ஆயில் கலந்த பெட்ரோல் நிறத்தோடு மேலே தெளிந்து நிற்கும். தண்ணீர் இருந்தால் ஜாரின் அடியில் நிறமில்லாத உருண்டைகளாக உட்காரும். ஜாரைச் சாய்த்தால் உருண்டு ஒன்றோடொன்று சேரும். அதோடு துருப்பொடி, மணல், பச்சைப் பாசியாகப் பித்தளைக் களிம்பு தெரிந்தால் கடல் தண்ணீர் உள்ளே போய் நாளாகிவிட்டது. அப்போது காபரேட்டரைத் திறப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எத்தனால் பெட்ரோலில் இன்னொரு ஆபத்து. கொஞ்சம் தண்ணீரை எத்தனால் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சுகிறது. நாம் கலந்த ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆக இன்ஜினுக்குப் போவது மசகே இல்லாத திரவம். இப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கி மறுபடி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணெயை ஒதுக்கி, டேங்கைக் காயவைத்துப் புதிது ஊற்றுங்கள். கடலிலோ மணலிலோ கொட்ட வேண்டாம், மீன் குஞ்சு வளர்கிற தண்ணீர் அது.

இன்ஜினில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் மாதிரி சின்ன பில்டர் இருக்கும். வாரம் ஒரு தடவை அதைக் கண்ணால் பாருங்கள். அடியில் கோடு போட்ட மாதிரி தண்ணீர் தெரிந்தால் கழற்றிக் கொட்டுங்கள். எண்ணெய் ஊற்றும்போது மெல்லிய கம்பிச் சல்லடை வைத்த புனலில் ஊற்றுங்கள். பழைய பனியன் துணியில் வடித்தால் பஞ்சுநூல் உதிர்ந்து அதுவே, காபரேட்டரில் எண்ணெயை அளந்து விடுகிற சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும்.

மண்ணெண்ணெய் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு

நாட்டுப்படகுக்காரர்களில் நிறையப் பேர் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற இன்ஜின்தான் வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெட்ரோல். சில நிமிஷம் ஓடிச் சூடேறிய பிறகு 'காக்கு' என்கிற எண்ணெய் மாற்றும் திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். இதை எல்லோரும் செய்கிறார்கள். கரைக்கு வரும்போது திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்திவிடுவதுதான் மறுநாள் காலையில் தோளை வலிக்க வைக்கிறது. காபரேட்டர் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் இருந்தால் எத்தனை இழுத்தாலும் ஸ்டார்ட்டாகாது.

அலைக்கு வெளியே நிற்கும்போதே காக்கைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிடுங்கள். கிண்ணத்தில் இருக்கிற மண்ணெண்ணெய் எரிந்து தீரச் சிறிது நேரம் ஆகும். அதற்குப் பிறகு அலையில் நுழைந்தால், நடுவில் இன்ஜின் நின்றாலும் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ளும். அலை முதுகில் அடிக்கிற இடத்தில் ஸ்டார்ட்டாகாத இன்ஜின் ஆளையே கொல்லும். எண்ணெய்ச் செலவை நினைத்து இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வலை விடும்போது நெடுநேரம் ஸ்லோவில் மண்ணெண்ணெயில் ஓட்டினால் இன்ஜின் சூடு இறங்கி, எரியாத எண்ணெய் ப்ளக்கில் கரியாகப் படியும். அந்த நேரமும் பெட்ரோல் நல்லது. ஒழுங்காக மாற்றி நிறுத்தியும் காலையில் முரண்டு பிடித்தால் காக்கு உள்ளுக்குள் கசிகிறதா என்று பாருங்கள். வடிகால் திருகில் கொஞ்சம் பிடித்து விரலில் தடவுங்கள். பெட்ரோல் சில்லென்று ஏறும். மண்ணெண்ணெய் சில்லென்று இருக்காது, மணமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயில் கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோலில் ஓடும் பல இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு, புதுசு பழகிய பிறகு, 50-க்கு 1 கணக்கு. அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டருக்கு அரை லிட்டர். உங்கள் இன்ஜினுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும், அதையே பிடியுங்கள். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு இன்ஜின் ஆயில்தான் வேண்டும். பைக்குக்குப் போடுகிற ஆயில் வேறு சூட்டுக்குச் செய்தது, ப்ளக்கில் சாம்பல் கட்டும்.

பம்ப், பிறகு காபரேட்டர்

சோதனையில் பம்ப் என்று தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குள் ஏறி இறங்குகிற அழுத்தம் டயாபிரம் என்கிற மெல்லிய சவ்வை ஆட்டுகிறது, அதுதான் எண்ணெயை இழுக்கிறது. திறக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த கேஸ்கெட் எந்தப் பக்கம் என்று பிறகு சந்தேகம் வராது. டயாபிரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும், விறைத்துப் போயிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஓட்டை விழுந்தால் எண்ணெய் நேரே கிராங்க் அறைக்குள் போகும், ப்ளக் ஓயாமல் நனையும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லையா, இனி காபரேட்டர். ஸ்லோவில் ஓடாமல் ரேஸில் மட்டும் ஓடினால் பைலட் ஜெட்டு அடைத்திருக்கிறது. ஸ்லோவில் ஓடி ரேஸில் இழுக்காவிட்டால் மெயின் ஜெட்டு. சோக்கைப் பிடித்தால்தான் ஓடும் என்றால் எண்ணெய் குறைவாகப் போகிறது. ஜெட்டு அடைப்பும் இருக்கலாம், காபரேட்டர் கேஸ்கெட்டில் காற்றும் இழுக்கலாம்.

வீட்டுக்குள், மணல் பறக்காத இடத்தில், வெள்ளைத் துணி விரித்துக் கழற்றுங்கள். பக்கத்தில் இருக்கிற பைலட் திருகைக் கழற்றும் முன் மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதே அளவு வெளியே எடுக்க வேண்டும். ஜெட்டின் துளையில் செம்புக் கம்பியோ குண்டூசியோ விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட்டு எண்ணெயை அளந்து கொடுக்காது. நம் வீட்டில் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நரம்பு கிடக்கிறதே, அதில் மெல்லியதாக ஒரு துண்டை எடுத்து விட்டு இழுங்கள். காபரேட்டர் கிளீனர் அடித்து, காற்றடித்து, வானத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கிளீனர் அடிக்கும்போது கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், அது திரும்பித் தெறிக்கும். பிளாஸ்டிக் புளோட்டையும் ரப்பரையும் தின்னரில் ஊறப்போடக்கூடாது. நீடில் முனையில் வளையமாகத் தேய்ந்திருந்தால் புதுசு மாட்டுங்கள், பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் சாமான் கிடைக்கிறது. இன்ஜின் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போனால் மாறிப்போகாது.

கடலில் நின்றுவிட்டால்

முதலில் நங்கூரம். வள்ளம் பாறைப் பக்கம் தள்ளப்படும்போது இன்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. பிறகு காற்றுத் திருகு, கனெக்டர், பல்பு என்று வரிசையாகப் பாருங்கள். பம்ப் போய்விட்டதென்றால் ஒருவர் பல்பை விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருக்க, இன்னொருவர் மெல்ல ஓட்டிக் கரை சேரலாம். கை மாற்றி மாற்றி அமுக்கி வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். தண்ணீர் கலந்த எண்ணெய் என்று தெரிந்தால் அந்த டேங்கைக் கழற்றிவிட்டு, தனியாக வைத்திருக்கிற நல்ல எண்ணெயில் ஓட்டுங்கள். ஆடுகிற வள்ளத்தில் தண்ணீர் தெளிந்து இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அதற்காக வள்ளத்தில் எப்போதும் ஒரு மூடிபோட்ட டப்பா இருக்கட்டும்: பல்போடு சேர்ந்த ஒரு ஓசு, கனெக்டர் ஓ-ரிங், நாலு கிளிப், ப்ளக், ப்ளக் ஸ்பேனர், திருப்புளி, ஒரு பில்டர். கூடவே தண்ணீர் புகாத கேனில் ஆயில் கலந்த சுத்தமான பெட்ரோல். உங்களால் முடியவில்லை என்றால் வீம்பு பிடிக்காமல் கூப்பிடுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093. இரண்டையும் வள்ளத்தின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவையுங்கள், போன் நனைந்தாலும் அடுத்தவர் போனில் அடிக்கலாம்.

காற்றுக்காலத்தில்

ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கினால் வள்ளம் பல நாள் கரையிலேயே கிடக்கும். காபரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாக ஜெட்டில் ஒட்டுவது அப்போதுதான். காற்று ஓய்ந்ததும் என்னிடம் வரிசையாக இன்ஜின் வருவதற்கு இதுதான் காரணம். கரையேற்றும் அன்றைக்கே டிரம் தண்ணீரில் இறக்கி, பெட்ரோலில் ஓடும்போது ஓசைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். டேங்கில் இருக்கிற எண்ணெயை, அது கெடும் முன், ஓடுகிற வேறு வள்ளத்துக்குக் கொடுத்துவிடலாம். காலி டேங்கைக் கவிழ்த்துக் காயவைத்து மூடியை இறுக்கி வையுங்கள். மறுபடி இறங்கும் அன்று புது எண்ணெய் ஊற்றி, பல்பை நிமிர்த்திப் பிடித்து அமுக்கி, கரையிலேயே டிரம்மில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.